கடலோர ஜிம்மில் முதல் மாதம்: பிறருக்கு இடைஞ்சலின்றிப் பழகும் முறை

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை வழியாகச் சாயல்குடி வரையுள்ள கடற்கரை ஊர்களில் நான் பார்த்த ஜிம்கள் பெரும்பாலும் ஒரே சாயலில் இருக்கின்றன. கடைகளுக்கு மேலே ஒரு மாடிக் கூடம் அல்லது தகரக் கூரை போட்ட ஒரு நீண்ட கொட்டகை. அதற்குள் படுத்துத் தூக்கும் பெஞ்ச் ஒன்றோ இரண்டோ, கேபிள் மெஷின் ஒன்று, ஓடும் நிலையில் ட்ரெட்மில் ஒன்று, சுவரோரம் டம்பெல் அடுக்கு ஒன்று. மாலை 6 மணிக்குப் பிறகு இவற்றைப் பயன்படுத்த 25, 30 பேர் வந்துவிடுவார்கள். இத்தகைய கூடத்தில் ஒருவருடைய அலட்சியம் அடுத்த நிமிடமே இன்னொருவர் தலையில் விடிகிறது.

பதினொரு ஆண்டுகளாக இப்படியொரு கூடத்துக்குப் போய்வருகிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லும்படி எங்கள் மாஸ்டர் என்னிடம் அனுப்பிவைப்பதுண்டு. அவர்களிடம் நான் முதலில் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: உங்களுக்கு அடுத்து வருபவர் உங்கள் மிச்ச வேலையைச் செய்துமுடித்த பிறகுதான் தன் வேலையைத் தொடங்க முடியும் என்ற நிலையை உண்டாக்காதீர்கள். கீழே சொல்லப்போகும் நடைமுறைகள் யாவும், சேரும் நாளிலிருந்து கிளம்பும் நேரம் வரை, இதை எப்படிச் செய்வது என்பதைப் பற்றியவையே.

சேருவதற்கு முன்

பணம் கட்டுவதற்கு முன்பு, மாஸ்டரிடம் அனுமதி பெற்று, ஒரு நாள் காலையிலும் ஒரு நாள் மாலையிலும் அரை மணி நேரம் ஓரமாக நின்று பாருங்கள். எந்த நேரத்தில் எந்தக் கருவியின் முன்னால் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். விசைப்படகுகள் கடலுக்குப் போகாத நாள்களில் மாலைக் கூட்டம் கூடுவதையும் காண்பீர்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்களுக்கு விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம் நடக்கிறது. கோடை விடுமுறையும் ஏறக்குறைய அதே நாள்களில் வருவதால், கரையில் இருக்கும் மீனவ இளைஞர்களும் ஊருக்குத் திரும்பிய கல்லூரி மாணவர்களும் ஒரே கூடத்தில் வந்து நிறைவார்கள். புதியவர் ஒவ்வொரு கருவியையும் பழகுவதற்குக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்வது இயல்பு. அந்த நேரத்தை நெரிசல் இல்லாத அதிகாலையிலோ பிற்பகலிலோ எடுத்துக்கொண்டால், யாரோ முதுகுக்குப் பின்னால் நின்று அவசரப்படுத்துகிறார் என்ற பதற்றம் உங்களுக்கும் இராது, காத்திருக்கும் எரிச்சல் மற்றவர்களுக்கும் இராது.

கூடத்துக்குள் அணிவதற்கென்று தனியாக ஒரு ஜோடி ஷூ வைத்துக்கொண்டு, அதைப் பையில் எடுத்துவந்து உள்ளே மாட்டிக்கொள்வது நம் ஊருக்கு மிகவும் தேவையான பழக்கம். கடற்கரை மணலில் நடந்த ஷூவோடு ட்ரெட்மில்லில் ஏறினால், அடியில் ஒட்டியிருக்கும் மணல் ஓடும் பெல்டுக்கும் அதன் கீழுள்ள பலகைக்கும் இடையே போய்ச் சேர்ந்து, அரத்தைப் போல இரண்டையும் தேய்த்துவிடும். பல ஜிம்களில் ஒரே ஒரு ட்ரெட்மில்தான் இருக்கிறது; அது பழுதானால், சர்க்கரை நோய்க்காக நடந்தே ஆக வேண்டும் என்று மருத்துவர் சொல்லி அனுப்பிய பெரியவர்கள்தான் முதலில் பாதிக்கப்படுகிறார்கள். துறைமுகத்திலிருந்தோ சந்தையிலிருந்தோ நேராக வருபவர்கள் வெளியே உள்ள குழாயில் கைகால் கழுவி, பனியனை மாற்றிக்கொண்டு உள்ளே வரலாம். அத்தர், சென்ட் ஆகியவற்றைப் பயிற்சிக்குப் பிறகு பூசிக்கொள்ளுங்கள். மூச்சிரைக்க நிற்பவருக்கு மூடிய கூடத்தில் அந்த மணம் தலைவலியைத்தான் தரும்.

கேட்டுப் பெறுவது

காலியாகத் தெரியும் பெஞ்ச் உண்மையில் காலியாக இருக்க வேண்டும் என்பதில்லை. கனமான எடையைத் தூக்குபவர்கள் ஒரு செட்டுக்கும் (நிறுத்தாமல் தொடர்ந்து தூக்கும் ஒரு சுற்று) அடுத்த செட்டுக்கும் நடுவில் இரண்டு, மூன்று நிமிடம் ஓய்வெடுப்பது முறை. அந்த இடைவெளியில் தண்ணீர் குடிக்கவோ, ஜன்னலோரம் காற்று வாங்கவோ போயிருப்பார்கள். ராடில், அதாவது எடை மாட்டும் நீண்ட இரும்புக் கம்பியில், பிளேட் எனப்படும் வட்ட எடைத் தட்டு ஏற்றியிருந்தால், பெஞ்சில் துண்டு கிடந்தால், பக்கத்தில் பாட்டில் இருந்தால், அங்கே ஒருவர் பாதி வேலையில் இருக்கிறார் என்று கொள்ளுங்கள். சுற்றிப் பார்த்து, “இங்கே யாராவது போட்டுக்கிட்டு இருக்கீங்களா?” என்று குரல் கொடுத்துக் கேட்ட பிறகே உட்கார வேண்டும்.

ஒருவர் தூக்கிக்கொண்டிருக்கும்போது அவரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. அவர் ராடைத் தாங்கியில் வைத்து, எழுந்து, இரண்டு மூச்சு விட்ட பிறகு, அவர் கண்ணில் படும்படி முன்னால் வந்து நின்று கேளுங்கள். காதில் இயர்போன் மாட்டியிருப்பவரின் தோளைப் பின்னாலிருந்து தட்டுவது அவரைத் திடுக்கிடச் செய்யும். கையில் டம்பெல் இருந்தால் அது அவர் காலிலோ உங்கள் காலிலோதான் விழும். முன்பின் தெரியாத மூத்தவரை “அண்ணே” என்று அழைத்தால் எங்கும் பொருந்தும். கீழக்கரைப் பக்கம் “காக்கா” என்பது அதே மரியாதையும் நெருக்கமும் கொண்ட சொல். உங்களைவிடச் சிறியவராகத் தோன்றினாலும், முதல் நாளிலேயே “டேய்” என்றோ “வாடா போடா” என்றோ பேசாமல் “தம்பி” என்று தொடங்குங்கள். கேட்க வேண்டிய கேள்வி மிகச் சிறியது: “அண்ணே, இன்னும் எத்தனை செட் இருக்கு?”

அவர் இரண்டு என்று சொன்னால் காத்திருப்பதே நல்லது. நான்கு என்று சொன்னால், ஓய்வோடு சேர்த்துப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும் என்பதால், “நீங்க ரெஸ்ட் எடுக்கும்போது நான் ஒரு செட் போட்டுக்கலாமா?” என்று கேட்பதில் தவறேதும் இல்லை, நம் ஊரில் பெரும்பாலானவர்கள் சிரித்த முகத்தோடு ஒப்புக்கொள்வார்கள். ஆனால் ஒப்புக்கொண்ட பிறகு உங்களுக்கென்று ஒரு பொறுப்பு வருகிறது. அவர் 50 கிலோவும் நீங்கள் 40 கிலோவும் தூக்குகிறீர்கள் என்றால், பக்கத்துக்கு ஒரு 5 கிலோ பிளேட்டைக் கழற்றிவிட்டு, உங்கள் செட் முடிந்ததும் அதைத் திரும்ப மாட்டிக் கொடுக்க வேண்டியவர் நீங்கள்தான். அவர் குனிந்து மாட்டும்படி விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போகக் கூடாது. அவர் 100 கிலோவும் நீங்கள் 30 கிலோவும் தூக்கும் நிலையில் இருந்தால், ஒவ்வொரு முறையும் அத்தனை பிளேட்டுகளையும் இறக்கி ஏற்றுவதில் இருவர் ஓய்வும் பறிபோகும் என்பதால், இப்படிக் கேட்காமல் வேறொரு பயிற்சியை முடித்துவிட்டு வருவதே அறிவுடைமை.

பேருந்து ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கும் பழக்கம் நமக்குச் சிறுவயதிலிருந்தே உண்டு. அதை ஜிம்முக்குக் கொண்டுவராதீர்கள். ஒரு பெஞ்சில் துண்டு, கேபிள் மெஷினில் பாட்டில், அருகில் ஒரு ஜோடி டம்பெல் என்று மூன்று இடங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மாறி மாறிச் செய்யும் பயிற்சி, யாரும் இல்லாத மதிய வேளைக்கு உரியது. மாலை 7 மணிக்கு அப்படிச் செய்பவர் மூன்று பேரைக் காக்கவைக்கிறார். பெஞ்சில் உட்கார்ந்தபடியே கைப்பேசியில் மூழ்குவதும் இதில் சேரும்.

இரும்பைக் கையாள்வது

இரவில் கரை சேரும் படகில் கயிற்றைச் சுருட்டாமல் விட்டால் யாருடைய காலாவது அதில் சிக்கும் என்பது நம் பகுதிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டிய செய்தி அல்ல. தரையில் விட்டுச்செல்லும் பிளேட்டும் அத்தகையதே. எடுத்த பிளேட்டை எடுத்த ஆணியிலும், எடுத்த டம்பெல்லை அதன் எண்ணுக்குரிய இடத்திலும் வைப்பதுதான் ஜிம் மரியாதையில் பாதி என்று நான் நினைக்கிறேன். கனமானவற்றைக் கீழ்வரிசையிலும் இலகுவானவற்றை மேல்வரிசையிலும் வைக்க வேண்டும். 20 கிலோ பிளேட்டை மேல் ஆணியில் மாட்டிவிட்டுப் போவது உங்களுக்கு எளிதாக இருக்கலாம். 15 வயதுப் பையனோ 60 வயதுப் பெரியவரோ அதைத் தலைக்கு மேலிருந்து இறக்க வேண்டியிருக்கும்.

பிளேட்டைக் கழற்றும்போது ஒரு பக்கத்தில் ஒன்று, மறுபக்கத்தில் ஒன்று என்று மாறி மாறிக் கழற்றுங்கள். சேர்ந்த முதல் மாதத்தில், பெஞ்சில் இருந்த ராடின் வலப்பக்கப் பிளேட்டுகள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கழற்றினேன். இடப்பக்கம் 40 கிலோ அப்படியே இருந்தது. ராடு சீசா பலகையைப் போலச் சட்டென்று மேலெழுந்து சுழன்று, அப்போதுதான் பக்கத்தில் வந்து நின்ற ஒருவரின் புருவத்தைக் கிழித்தது. மூன்று தையல் போட வேண்டியிருந்தது. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை, அதனாலேயே அது என் மனத்தை விட்டு அகலவில்லை. தாங்கித் தூண்கள் நெருக்கமாக அமைந்த பழைய பெஞ்சுகளில் இந்த ஆபத்து மிகுதி. ராடு இலகுவாக இருந்தால் இன்னும் மிகுதி. ஏழு அடி நீளமுள்ள ஒலிம்பிக் ராடு 20 கிலோ எடையுள்ளது. நம் ஜிம்களில் கிடக்கும் மெலிந்த ராடுகள் பலவும் அதைவிடக் குறைந்த எடையுள்ளவை. நீங்கள் எடுக்கும் ராடின் எடை எவ்வளவு என்று மாஸ்டரிடம் முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒருவர் தூக்கும்போது அவரிடமிருந்து இரண்டு கை தூரமாவது விலகி நில்லுங்கள். கண்ணாடியைப் பார்த்துத் தூக்குபவருக்கும் கண்ணாடிக்கும் குறுக்கே போகாமல், அவர் முடிக்கும்வரை நின்று போங்கள். தரையில் படுத்து வயிற்றுப் பயிற்சி செய்பவரைத் தாண்டிப் போகக் கூடாது. படுத்திருப்பவரைத் தாண்டினால் ஆகாது என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னது இங்கும் அப்படியே பொருந்துகிறது, அதுவும் கையில் 15 கிலோ டம்பெல்லோடு தாண்டுவது இருவருக்குமே ஆபத்து. கால் பட்டுவிட்டால் தொட்டுக் கும்பிட்டுக்கொள்ளும் நம் வழக்கத்தை விட்டுவிட வேண்டியதில்லை.

மாடிக் கூடங்களில் எடையைத் தரையில் போடும் ஓசை கீழேயுள்ள கடைக்கும் பக்கத்து வீட்டுக்கும் இடிபோலக் கேட்கும். தூக்க முடிந்த எடையை இறக்கவும் முடிய வேண்டும். முடியாவிட்டால் எடையைக் குறைத்துக்கொள்ளுங்கள். நம்மூர் ஜிம்கள் பல, வீட்டுக்காரர்களின் பொறுமையால்தான் நடந்துவருகின்றன.

சப்போர்ட் கேட்பதற்கும் கொடுப்பதற்கும் முறை உண்டு. பெஞ்சில் கனமாகத் தூக்கும்போது தலைப்பக்கம் ஒருவர் நின்று காப்பது அவசியம். அவரிடம் எத்தனை முறை தூக்கப்போகிறீர்கள், எப்போது கை வைக்க வேண்டும், தாங்கியிலிருந்து ராடை எடுத்துக் கொடுக்க வேண்டுமா என்ற மூன்றையும் படுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். சப்போர்ட் கொடுக்க ஒப்புக்கொண்டவர் அந்த ஒரு நிமிடம் ராடிலிருந்து பார்வையை எடுக்கக் கூடாது. கரைவலை இழுக்கும்போது கயிற்றைப் பிடித்தவர் பராக்குப் பார்த்தால் பாரம் முழுவதும் பக்கத்தில் நிற்பவர் தோளில் இறங்குவதைப் போல, இங்கே அது படுத்திருப்பவரின் கழுத்தில் இறங்கும். அந்த எடையைத் தூக்கிவிடும் வலு உங்களுக்கு இல்லை என்று தோன்றினால், “அண்ணே, இவ்வளவு வெயிட்டுக்கு என்னால் முடியாது, வேறொருவரைக் கூப்பிடுகிறேன்” என்று சொல்லிவிடுங்கள். அதைவிட நல்ல உதவி கிடையாது.

மின்சாரம் நின்றுபோகும் நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருட்டானதும் தூக்கிக்கொண்டிருப்பவர் எடையைப் பத்திரமாக இறக்கும்வரை மற்றவர்கள் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். கைப்பேசி விளக்கை அடிக்கும்போது முகத்தில் அடிக்காமல் அவர் கைகளுக்கும் தாங்கிக்கும் வெளிச்சம் விழும்படி பிடியுங்கள். ட்ரெட்மில்லில் நிற்பவர் இறங்கியதும் அதன் சுவிட்சை அணைத்துவிட வேண்டும்.

வியர்வையும் துருவும்

நம் கடற்காற்றில் ஈரப்பதம் மிகுதியாக இருப்பதால் வியர்வை எளிதில் உலர்வதில்லை. அது பெஞ்சின் மேலும் ராடின் மேலும் குளமாக நிற்கிறது. ஆகவே இரண்டு துண்டுகள் கொண்டுவாருங்கள். ஒன்று முகத்துக்கும் உடம்புக்கும், மற்றொன்று பெஞ்சில் விரிப்பதற்கு. எழுந்ததும் பெஞ்சையும், நீங்கள் பிடித்திருந்த கைப்பிடியையும் துடைத்துவிடுங்கள். முகம் துடைத்த அதே துண்டால் பெஞ்சைத் துடைப்பதும், பெஞ்ச் துடைத்த துண்டால் முகத்தைத் துடைப்பதும், துண்டை நண்பருக்கு இரவல் கொடுப்பதும் வேண்டாம். படர்தாமரை ஒரு பூஞ்சை நோய். தோலோடு தோல் படுவதாலும், ஒருவர் பயன்படுத்திய துண்டாலும் துணியாலும் அது பரவுகிறது. நம் வெப்பத்திலும் ஈரத்திலும் அது ஒருவரிடம் வந்தால் கூடம் முழுவதும் பரவ அதிக நாள் ஆகாது. உங்களுக்கு அது இருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. தோல் மருத்துவரிடம் காட்டி, குணமாகும்வரை வீட்டிலேயே பயிற்சி செய்யுங்கள். சீழ்க்கட்டி இருந்தாலும் அப்படியே. கடைக்காரர் கொடுக்கும் கலவைக் களிம்புகளைத் தடவிவிட்டு மறுநாள் வந்து பெஞ்சில் படுப்பது, உங்களுக்கும் நோயை நீட்டிக்கும், மற்றவருக்கும் கொடுக்கும்.

துருவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் உள்நாட்டு ஊர்களிலிருந்து இங்கே வேலைக்கு வந்து சேருபவர்களுக்கு இது புதிதாக இருக்கும். காற்றில் வரும் உப்பு இரும்பின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து, காற்றிலுள்ள ஈரத்தைத் தன்பால் இழுத்து வைத்துக்கொள்கிறது. அதனால் இரும்பு எந்நேரமும் நனைந்தே இருப்பதற்கு ஒப்பாகிறது. 1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தைத் துருவிலிருந்து காப்பதற்கு எவ்வளவு உழைப்பு தேவைப்பட்டது என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். அதே காற்றுதான் ஜிம்மின் ஜன்னல் வழியாகவும் வருகிறது. அதோடு நம் வியர்வையின் உப்பும் சேர்கிறது. துருவேறிய ராடு அடுத்தவர் உள்ளங்கையைக் கிழிக்கும். பயிற்சி முடிந்ததும் ராடின் கைப்பிடிப் பகுதியை முதலில் ஈரத்துணியாலும் பிறகு உலர்ந்த துணியாலும் துடைப்பதற்கு அரை நிமிடம் போதும். சுத்தம் செய்கிறோம் என்று பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் இரும்பைத் துடைக்க வேண்டாம். அது துருவை விரைவுபடுத்தும். மெத்தைப் பகுதிகளுக்குச் சோப்பு நீர், இரும்புக்கு ஈரத்துணி, பிறகு உலர்ந்த துணி என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

குடிநீரின் அருமையை இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கூடத்தில் இருக்கும் 20 லிட்டர் கேன் எல்லோருக்குமானது. அதிலிருந்து முகம் கழுவுவதும், வீட்டுக்குப் பாட்டில் நிரப்பிக்கொண்டு போவதும் கூடாது. குவளையில் வாய் வைக்காமல் அண்ணாந்து குடிக்கும் பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே உள்ளது, அதைக் காப்பாற்றுங்கள்.

மகளிர் நேரம்

பல ஜிம்களில் காலை 10 மணியை ஒட்டியோ பிற்பகலிலோ இரண்டு மணி நேரம் பெண்களுக்கென ஒதுக்கப்படுகிறது. வீட்டு வேலையை முடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, மதியச் சமையலுக்கு முன்பு திரும்பிவிட வேண்டும் என்ற கணக்கோடு வருபவர்களுக்கு அந்த இரண்டு மணி நேரம்தான் உண்டு. உங்களுக்கு மிச்சமிருக்கும் ஒரு செட்டுக்காக அதில் பத்து நிமிடத்தை எடுத்துக்கொண்டால், முகத்திரையோடு வாசலில் நிற்கும் பெண்கள் உள்ளே வர முடியாமலும் திரும்பிப் போக முடியாமலும் வெயிலில் நிற்பார்கள். அவர்கள் வாய் திறந்து சொல்லமாட்டார்கள் என்பதாலேயே நாம் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். நேரம் தொடங்குவதற்கு 15 நிமிடம் முன்பே பயிற்சியை நிறுத்துங்கள். படிக்கட்டிலும் வாசலிலும் நின்று அரட்டை அடிக்காமல் கிளம்பிவிடுங்கள்.

ஆண்கள் பலரும் கவனிக்காத இன்னொன்றையும் ஒரு சகோதரி சொல்லித்தான் நான் அறிந்தேன். முந்திய நேரத்தில் கடைசியாகப் பயிற்சி செய்தவர் 80, 100 கிலோ ஏற்றிய ராடை அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தால், அடுத்து வரும் பெண்கள் அந்தப் பிளேட்டுகளை இறக்கும் வரை அந்தப் பெஞ்ச் அவர்களுக்குப் பயன்படாது. உதவிக்கு ஆண்களை அழைக்கவும் அந்த நேரத்தில் வழியில்லை. சிலர் அந்தப் பெஞ்சைத் தொடாமலேயே மாதக் கணக்கில் போய்வந்திருக்கிறார்கள். மகளிர் நேரத்துக்கு முன்பு எல்லா ராடுகளும் வெறுமையாக இருக்க வேண்டும். இலகுவான டம்பெல்களும் சிறு பிளேட்டுகளும் எளிதில் எடுக்கும் உயரத்தில் இருக்க வேண்டும்.

ஆண்களும் பெண்களும் சேர்ந்து பயிற்சி செய்யும் ஜிம்களில், தெரியாத பெண்ணுக்கு முறை சொல்லித்தர முன்வராதீர்கள், கண்ணாடி வழியாகவும் பார்க்காதீர்கள். கருவி வேண்டுமென்றால், மற்ற எவரிடமும் கேட்பதைப் போலவே, “அக்கா, இன்னும் எத்தனை செட்?” என்று கேட்டுவிட்டு விலகி நில்லுங்கள். உங்களை நீங்களே வீடியோ எடுப்பதாக இருந்தால், பின்னணியில் யாரும் இல்லாத சுவரைப் பார்த்து எடுங்கள். தற்செயலாக யாராவது பதிவாகிவிட்டால், அந்தப் பதிவை அவரெதிரிலேயே அழித்துவிடுங்கள்.

பேச்சும் அறிவுரையும்

“என்னப்பா, இப்படி இளைச்சுட்டே, சுகரா?” என்று கேட்பதும், “நல்லா ஊதிட்டே” என்று சொல்வதும் நம் ஊரில் அன்பின் பேச்சுகள்தாம். ஆனால் ஜிம்முக்கு வருபவர் தன் உடம்பைப் பற்றி ஏற்கெனவே கவலைப்பட்டுக்கொண்டு, கூச்சத்தை விட்டுத்தான் உள்ளே வந்திருக்கிறார். பருமனான ஒருவர் முதல் வாரத்தில் கேட்ட ஒரு சொல்லால் திரும்ப வராமலே போனதை நான் கண்டிருக்கிறேன். உடம்பைப் பற்றிப் பேசாமல், செய்யும் வேலையைப் பற்றிப் பேசுங்கள். “போன வாரத்தைவிட இன்னிக்கு நல்லா போடுறீங்க” என்பது போதும்.

அதைப் போலவே, மீன் வாடையை முன்னிட்டோ தொழிலை முன்னிட்டோ யாரிடமும் முகம் சுளிக்கக் கூடாது. விடிய விடிய வலை இழுத்துவிட்டு வந்தவரின் கையில் எவ்வளவு கழுவினாலும் அந்த வாடை சற்று இருக்கத்தான் செய்யும். இந்த ஊரின் சோறு அதிலிருந்துதான் வருகிறது.

கேட்காதவருக்கு அறிவுரை சொல்வதை அறவே தவிர்த்துவிடுங்கள். நீங்கள் இரண்டு மாதத்தில் கைப்பேசியில் பார்த்தறிந்த முறையும், அவருக்கு மருத்துவரோ மாஸ்டரோ சொன்ன முறையும் வேறு வேறாக இருக்கலாம். ஒருவர் செய்வது உடனடியாக ஆபத்தை வருவிக்கும் என்று தோன்றினால் மட்டும், எல்லோர் முன்னிலையிலும் உரக்கச் சொல்லாமல், அவர் செட்டை முடித்த பிறகு அருகில் போய் மெதுவாகச் சொல்லுங்கள், அல்லது மாஸ்டரிடம் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். உங்களுக்கு ஒருவர் சொல்லும்போது, “சரிண்ணே, மாஸ்டரைக் கேட்டுச் செய்றேன்” என்பது யார் மனத்தையும் நோகடிக்காத பதில்.

நோன்பு, மாலை, பாங்கு

மூன்று சமயத்தாரும் ஒரே கூடத்தில் பயிற்சி செய்யும் பகுதி இது. பாங்கு ஒலிக்கும்போது பாட்டை நிறுத்திவிட்டு, முடிந்த பிறகு மீண்டும் போடுங்கள். யாரும் கேட்டுக்கொள்ளும்வரை காத்திருக்க வேண்டாம். ரமலான் மாதத்தில் நோன்பு திறப்பதற்குச் சற்று முன்போ, இரவுத் தொழுகைக்குப் பிறகோ பலர் வருவதால் கூட்டத்தின் நேரம் மாறும். மற்றவர்கள் அந்த ஒரு மாதம் தங்கள் நேரத்தைச் சற்று நகர்த்திக்கொண்டால் பெரிய உதவியாக இருக்கும். நோன்பிருப்பவர் முன் தண்ணீர் குடிப்பது குற்றமில்லை, ஆனாலும் இரண்டடி விலகிப் போய்க் குடிக்கலாம். அவர் எடையைக் குறைத்துத் தூக்கினால் சீண்டாதீர்கள். கார்த்திகை, மார்கழியில் மாலை போட்டவர்கள் வெறுங்காலோடு வருவார்கள். அவர்கள் நிற்கும் பக்கம் பிளேட் மாற்றும்போது கூடுதல் கவனம் வேண்டும்.

கிளம்பும்போது

பயிற்சி முடிந்ததும் துண்டு, பாட்டில், கைக்கட்டு ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரத்துண்டைக் கம்பியில் தொங்கவிட்டுப் போகாதீர்கள். உங்களுக்காகக் காத்திருந்தவரைத் தேடிப் பார்த்து, “முடிச்சுட்டேன், நீங்க வாங்க” என்று சொல்லிவிட்டுப் போனால் அவருக்கு ஐந்து நிமிடம் மிச்சமாகும். கடைசி ஆளாக இருந்தால் மின்விசிறிகளை நிறுத்தி, கடற்பக்க ஜன்னல்களைச் சாத்திவிடுங்கள். இரவெல்லாம் உப்புக்காற்று உள்ளே வருவதை அது ஓரளவு தடுக்கும்.

உங்கள் கையில் ஏதாவது உடைந்தால், சிறியதென்றாலும், அன்றே மாஸ்டரிடம் சொல்லுங்கள். குறிப்பாகக் கேபிள் மெஷினின் எஃகுக் கயிற்றைக் கவனியுங்கள். பிளாஸ்டிக் உறைக்குள் உப்பு ஈரம் புகுந்தால் உள்ளே இருக்கும் இழைகள் துருப்பிடித்து, உறை ஆங்காங்கே உப்பத் தொடங்கும்; ஓரிரு இழைகள் முள் போல வெளியே நீட்டிக்கொண்டும் நிற்கும். அப்படிக் கண்டால் இன்னொரு செட்டை முடித்துக்கொள்ளலாம் என்று எண்ணாதீர்கள். மாஸ்டர் வெளியே போயிருந்தால், மெஷினின் இருக்கையின் மேல் எடைப் பிளேட் ஒன்றை வைத்து, கைப்பிடியில் ஒரு துணியை முடிச்சுப் போட்டுக் கட்டி, அடுத்து நிற்பவரிடம் காரணத்தைச் சொல்லி, மாஸ்டருக்குப் போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள்.